வெண்ணெய் உருண்டை பார்க்க 40 ரூபாய்

மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் பல்லவ அரசனின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. தற்பெருமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஆளிடம் ஒரு நாணயம் இருந்தது. முதலில் பாறையைக் குடைந்தான். பிறகு பெயரை வெட்டினான். இன்று அதே ஊரில் எல்லாம் தலைகீழ். முதலில் கல்வெட்டு. அப்புறம் விழா. அதற்கும் அப்புறம் டெண்டர். பாறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கே நிற்கும் திட்டப் பலகை ஏதாவது ஒன்றை நின்று நிதானமாகப் படியுங்கள். மத்திய அமைச்சகம் ஒன்று. மாநிலத் துறை ஒன்று. தொல்லியல் துறை. மாவட்ட நிர்வாகம். உள்ளாட்சி. லாபத்தில் இரண்டு சதவீதத்தை ஊருக்குச் செலவழித்தே ஆகவேண்டும் என்று கம்பெனிச் சட்டம் கழுத்தைப் பிடித்ததால் வந்த கம்பெனி ஒன்று. அந்தக் காசில் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் ஒன்று. ஏழு பெயர், ஏழு சின்னம். பாராட்டு வாங்க ஏழு பேர். பதில் சொல்ல ஒருத்தர் கிடையாது.

சந்தேகமா? பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாக்கடை மூடி உடைந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சியில் சொன்னால், "அது நெடுஞ்சாலை ரோடு சார்." நெடுஞ்சாலைத் துறையில் சொன்னால், "பக்கத்துல நினைவுச்சின்னம் இருக்கு, தொல்லியல்ல பர்மிஷன் வாங்காம கடப்பாரை வைக்க முடியாது." தொல்லியல் துறையில் சொன்னால், "எங்க வேலிக்கு உள்ள நடந்தா வந்து சொல்லுங்க." நிலம் கோயிலுடையதாயிற்றே என்று அறநிலையத் துறைக்குப் போனால், "நிலம்தான் எங்களுது, சாக்கடை எங்களுது இல்ல." கடைசியில் எதிர்க்கடைக்காரர் ஒரு தென்னை மட்டையை அந்தக் குழிக்குள் குத்தி வைப்பார், ராத்திரியில் யாரும் விழாமல் இருக்க. அனுமதி இல்லாமல், நிதி இல்லாமல், பலகை இல்லாமல் ஒரு பொதுப்பணி முடிந்துவிடும்.

முடியாது என்பதால் செய்யவில்லை என்றால்கூட மன்னித்துவிடலாம். முடியும் என்று 2019இல் கண்ணாரப் பார்த்தோமே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வருடம் அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் கிடுகிடுவென்று மாறியது. வருடக்கணக்காகப் பல்லிளித்துக்கிடந்த சாலைகளுக்குத் தார் வந்தது. தெருவிளக்குகள் எரிந்தன. புல்தரை முளைத்தது. சுவர்களில் ஓவியம் வந்தது. ஐந்து ரதத்துக்கு அருகே தோட்டக்கலைத் துறை காய்கறியும் பழமும் அடுக்கி ஒரு தோரண வாயிலே கட்டியது. மனு கொடுத்தால் 'நிதி இல்லை', 'ஆள் இல்லை', 'அதிகாரம் இல்லை' என்று மூன்று பதில் சொன்ன அதே அலுவலகங்கள்தான். திடீரென்று எல்லாம் இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: ஊர்க்காரர்கள். கடைகளைச் சாத்தச் சொன்னார்கள். தள்ளுவண்டிகளை எங்கோ தள்ளச் சொன்னார்கள். ஓர் ஊர் எவ்வளவு அழகாக இருக்கமுடியும் என்பதை அதில் குடியிருப்பவர்களை அகற்றிவிட்டுக் காட்டினார்கள்.

12ஆம் தேதி காலை பிரதமர் கோவளம் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து குப்பை பொறுக்கினார். படம் நாடெங்கும் போயிற்று. எனக்கு ஒரே கவலை. அத்தனை ஆயிரம் போலீஸ், அத்தனை சோதனை, கடலுக்குள் கப்பல், வானத்தில் ஹெலிகாப்டர். அவ்வளவையும் தாண்டி அந்த மணலில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எப்படி உள்ளே வந்தது? பாதுகாப்புக் குறைபாடு என்று விசாரித்திருக்க வேண்டாமா? அந்தக் கடற்கரையைத் தினமும் கூட்டுகிறவர்களும் வெறுங்கையோடுதான் குப்பை அள்ளுகிறார்கள். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

தலைவர்கள் இருவரும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் கைகோத்து உயர்த்தி நின்றார்கள். படம் உலகம் சுற்றியது. ஏழு யானை கட்டி இழுத்தும் அந்தப் பாறை அசையவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. யானைகளால் முடியாததை அந்த ஒரு போட்டோ சாதித்தது. பாறை நகரவில்லை, மக்களை நகர்த்தியது. கொஞ்ச நாளிலேயே அதைச் சுற்றி டிக்கெட் வந்துவிட்டது. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதுவரை பள்ளி விட்டதும் பையன்கள் சறுக்கி விளையாடிய சரிவு அது. மாமண்டூரிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்து நிழலில் கட்டுச்சோறு பிரித்தவர்கள் உட்கார்ந்த இடம் அது. இரண்டு தலைவர்கள் இலவசமாகப் பார்த்துவிட்டுப் போனதற்கான கட்டணத்தை இன்றுவரை நாம் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சந்திப்பு முடிந்த ஏழாவது வாரம், நவம்பர் 29 அன்று, செங்கல்பட்டு தனி மாவட்டமானது. இனிக் காஞ்சிபுரம் வரை மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றார்கள். உண்மை. மனு தள்ளுபடியாவதற்குப் போகவேண்டிய தூரம் குறைந்திருக்கிறது. பேரூராட்சியாக இருந்த மாமல்லபுரமும் நகராட்சியாகிவிட்டது. குப்பைக்கு இந்தத் தர உயர்வு இன்னும் தெரியவில்லை. பழைய இடத்திலேயே கிடக்கிறது.

பட்டியல் என்று வந்துவிட்டால் மாமல்லபுரத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல். பிறகு மத்திய அரசு தேர்ந்தெடுத்த 17 அடையாளச் சுற்றுலாத் தலங்களின் பட்டியல், தாஜ்மகாலோடும் ஹம்பியோடும். பிறகு சுதேச தரிசனம் 2.0 என்ற சுற்றுலாத் திட்டம். அதில் கடற்கரைக் கோயிலில் ஒளியும் ஒலியுமாகப் பார்வையாளரை மெய்ம்மறக்கச் செய்ய 30 கோடி. பிறகு 2024 நவம்பரில் 'நந்தவனம்' பாரம்பரியப் பூங்காவுக்கு 99.67 கோடி. காசை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் சிற்பத்தின் முன்னால் நின்றே மெய்ம்மறக்காதவன் லேசர் விளக்கில் மெய்ம்மறப்பான் என்று கண்டுபிடித்த ஆலோசகர் யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அர்ச்சுனன் தபசில் பின்னங்கால்களில் நின்று தவம் செய்கிற பூனையைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் எலிகள். ஆலோசனை அறிக்கை எழுதுகிறவர்கள் அந்தப் பூனையைத்தான் குலதெய்வமாக வைத்திருக்க வேண்டும்.

2021-22இல் வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கையில் மாமல்லபுரம் தாஜ்மகாலை முந்தியது. இங்கே 1,44,984 பேர். அங்கே 38,922 பேர். கொரோனா காலத்து எண்ணிக்கை என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. தோள் தட்டினோம். மேடை போட்டோம். அந்த ஒன்றரை லட்சம் பேரில் பெண்கள் எத்தனை பேர், அவசரத்துக்கு எங்கே போனார்கள் என்று ஒரு மேடையிலும் யாரும் கேட்கவில்லை. ஐந்து ரதத் தெருக் கடைக்காரப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு கடைக்கு வருகிற பெண்கள் அவர்கள்.

இனி தத்தெடுப்புக்கு வருவோம். 2017 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நினைவுச்சின்னங்களைக் கம்பெனிகள் தத்தெடுக்கலாம். தத்தெடுத்தவருக்கு 'நினைவுச்சின்ன நண்பர்' என்று பட்டம். டெல்லிச் செங்கோட்டையை அடுத்த வருடமே டால்மியா பாரத் எடுத்துக்கொண்டது, ஐந்து வருடத்துக்கு 25 கோடி. சுதந்திர தினத்தன்று கொடியேற்றுகிற கோட்டைக்கே வளர்ப்புத் தகப்பன் தேவைப்பட்டதென்றால் நம்மூர்க் கடற்கரைக் கோயில் எம்மாத்திரம்? 2023இல் திட்டத்தின் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. பெற்றவர் உயிரோடு இருக்க, கை கால் திடமாக இருக்க, வாசலில் நின்று டிக்கெட் காசையும் வாங்கிக்கொண்டிருக்க, பிள்ளையைத் தத்துக்கு விடுகிற அதிசயம் நம் நாட்டில் மட்டும்தான்.

கடற்கரைக் கோயிலுக்கு 2024இல் விடிவு பிறந்தது. தொல்லியல் துறையோடு ரெனோ நிஸான் டெக்னாலஜி கம்பெனியும், காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த ஹேண்ட் இன் ஹேண்ட் இந்தியா தொண்டு நிறுவனமும் சேர்ந்தன. 10 கிலோவாட் வீதம் மூன்று சூரிய மின் அமைப்புகள். சுத்திகரித்த குடிநீர். நடக்கமுடியாதவர்களுக்கு மின்சார வண்டி. நாட்டின் முதல் பசுமை ஆற்றல் தொல்லியல் தலம் என்று அறிவித்தார்கள். நல்ல வேலை. செய்தவர்களுக்கு ஒரு வணக்கம், உள்ளபடியே.

இப்போது கணக்குப் போடுங்கள். 1984இல் உலகமே கொண்டாடிய இடம். தாகம் எடுத்தவனுக்கு ஒழுங்கான தண்ணீர் கொடுக்க ஒரு கார் கம்பெனியின் காசும் ஒரு தொண்டு நிறுவனத்தின் மனசும் 2024வரை வந்து சேரவேண்டியிருந்தது. நடுவே நாற்பது வருடம். எத்தனை அமைச்சர்கள், எத்தனை செயலாளர்கள், எத்தனை ஆய்வுக் கூட்டங்கள், எத்தனை முந்திரி பிஸ்கட். மாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் துறை செய்யாததைத் தொண்டு நிறுவனம் செய்ததும், துறைக்கு வெட்கம் வரவில்லை. பொன்னாடை வந்தது. தன் வேலையை அடுத்தவன் செய்ததற்குத் தானே தலைமை தாங்கிப் பாராட்டு விழா நடத்தும் கலை அறுபத்து நான்கில் இல்லை. அறுபத்தைந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த ஒப்பந்த விழாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? குத்துவிளக்கு. மேடையில் பதினொரு நாற்காலி. கடைசி நேரத்தில் பன்னிரண்டாவது. திரையில் படங்கள் ஓடும்: இன்று இருக்கும் தெரு, நாளை இருக்கப்போகும் தெரு. நாளைய தெருவில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சைக்கிளில் போகும். மரம் இருக்கும். பெஞ்சு இருக்கும். லுங்கி கட்டிய ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். மீன்கூடை தூக்கிய ஒரு அம்மா? மாமல்லபுரம் குப்பம், தேவனேரி, கொக்கிலமேடு என்று மூன்று பக்கமும் மீனவர்கள் இருக்கும் ஊருக்கு வரைந்த எதிர்காலத்தில் ஒரு மீன்கூட இல்லை. கடைசியில் எல்லோருக்கும் நினைவுப் பரிசு: கருங்கல்லில் செதுக்கிய சின்னக் கடற்கரைக் கோயில். மாமல்லபுரம் கற்சிற்பம், 2017இல் புவிசார் குறியீடு பெற்றது என்று பேச்சாளர் பெருமையாகச் சொல்வார். செதுக்கியவரின் கடை நடைபாதை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வாங்கியிருப்பதை அவரும் சொல்லமாட்டார், கல்லும் சொல்லாது.

கடைக்காரரையும் கேட்டுத் தெருவைச் சீர்செய்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கடைவீதிகள் செத்தன. ஊருக்கு வெளியே பெரிய மால்கள் வந்ததும் நடு ஊர் காலியானது. 1980இல் அங்கே பாரம்பரியப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 'மெயின் ஸ்ட்ரீட்' திட்டத்தை நாடு முழுக்க எடுத்துச் சென்றது. ஒவ்வோர் ஊரிலும் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று. நிர்வாகக் குழுவில் யார்? கடைக்காரன், கட்டடச் சொந்தக்காரன், அந்த ஊரில் குடியிருக்கிறவன். அங்கும் கோளாறு உண்டு. தெரு அழகானதும் வாடகை ஏறிப் பழைய கடைக்காரன் ஓடிய கதைகள் ஏராளம். ஆனாலும் பேசும் மேசையில் அவனுக்கு ஒரு நாற்காலி இருந்தது. நம்மூரிலும் கடைக்காரர் கூட்டத்துக்கு வருகிறார். டீ கொண்டு வருகிறார்.

அந்த நாற்காலிக்கு இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2014இல் நாடாளுமன்றமே நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் குழு வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகள். அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பத்து சதவீதம் தொண்டு அமைப்புகளுக்கு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். கூட்டு முயற்சி என்றால் என்ன என்று சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது, சதவீதக் கணக்கோடு. கடற்கரைக்குப் போகும் வழியில் அது நடைமுறையாகும் விதம் இப்படி:

"ஆயா, கூடைய எடு. ஐயா வர்றாரு."

"எந்த ஐயா கண்ணு?"

"யாருக்குத் தெரியும்? வர்றாரு, எடு."

"எப்ப வர்றாரு?"

"சொல்லமாட்டாங்க. நீ எடு மொதல்ல."

சுண்டல் கூடை இடுப்பில் ஏறும். முப்பது நாள் அறிவிப்பு முப்பது விநாடியில் முடியும். ஐயா பெரும்பாலும் வரமாட்டார். ட்ராஃபிக்.

ட்ராஃபிக் என்றதும் கிளாம்பாக்கம் ஞாபகம் வருகிறது. இதே செங்கல்பட்டு மாவட்டம். ஏறக்குறைய 400 கோடியில் பேருந்து முனையம், 2023 டிசம்பர் 30 அன்று திறப்பு விழா. ஒட்டியபடி ரயில் தண்டவாளம். தண்டவாளத்தில் ரயில். ரயில் நிற்க நிலையம் மட்டும் அன்று இல்லை. பெட்டியும் பிள்ளையுமாக நின்றவர்கள் கண்ணெதிரே மின்சார ரயில் டாட்டா காட்டிவிட்டுப் போயிற்று. மாமல்லபுரத்துக்கும் சிஎம்டிஏ புதிய பேருந்து நிலையம் கட்டுகிறது. இப்போதைய நிலையம் தலசயனப் பெருமாள் கோயில் வாசலில் குறுகிக்கிடக்கிறது. பஸ் திரும்பும்போது பெருமாளே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நிலைமை. புதியது வரட்டும். பேருந்து அதற்குள் போகிற மாதிரி ஒரு வழி வைத்திருக்கிறீர்களா என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

அந்தப் பெருமாள் கோயிலில்தான் 2021 அக்டோபரில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண்ணை எழுப்பி விரட்டினார்கள். அவர் கேட்ட கேள்விகள் செல்போன் செல்போனாகப் பரவின. அமைச்சர் ஓடிவந்து அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சரே பக்கத்திலிருக்கும் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். நல்லதுதான். மனு கொடுக்கும் முறையும் தெளிவாகிவிட்டது. முதலில் பந்தியில் அவமானப்பட வேண்டும். யாராவது படம் பிடிக்க வேண்டும். படம் பரவ வேண்டும். பிறகு பட்டா. படம் பிடிக்க ஆளில்லாத பந்திகளிலிருந்து எழுந்து போனவர்கள் வழக்கம்போல் வி.ஏ.ஓ. ஆபீஸ் வராந்தாவில் உட்காரலாம்.

ஒன்பது மாதத்தில் அதே பூஞ்சேரிக்கு உலகமே வந்தது. 2022 ஜூலை 28 முதல் செஸ் ஒலிம்பியாட். 180க்கும் மேற்பட்ட நாடுகள். மாநில அரசு ஒதுக்கியது 92 கோடி. உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து கைமாறிய போட்டியைச் சில மாதத்துக்குள் ஏற்பாடு செய்து அசத்தினோம். அதில் எனக்கும் பெருமைதான். குதிரைக்கு வேட்டி சட்டை போட்டுத் 'தம்பி' என்று பெயர் வைத்து மூலைக்கு மூலை நிறுத்தினோம். கைகூப்பி நின்றது. தமிழ்நாட்டில் ஒரு குதிரைக்குச் சில மாதத்தில் கிடைத்த வேட்டி, சட்டை, பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் மனிதர்கள் எத்தனை தலைமுறை வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பூஞ்சேரியில் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் ஊருக்குள் குடியிருப்பவர் நிலைமை தனி. 2010இல் திருத்திய தொல்லியல் சட்டப்படி நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். உள்ளே பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கே அனுமதி வேண்டும். சின்னங்களைக் காக்கச் சட்டம் வேண்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் மாமல்லபுரத்தில் சின்னம் இல்லாத இடம் எது? எந்தப் பக்கம் மீட்டர் டேப்பை இழுத்தாலும் ஒரு குகையோ மண்டபமோ பாதி செதுக்கிய பாறையோ இடிக்கும். ஆக, மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டில் மருமகள் வந்தபிறகு ஒரு கழிப்பறை கட்டலாமென்று நினைத்த குடும்பத்தார் விண்ணப்பம், வரைபடம், தடையில்லாச் சான்று என்று அலைகிறார்கள். பாரம்பரியத்தின் அழகு கெட்டுவிடுமாம். ஒளி-ஒலிக்கு இழுக்கும் கேபிளால் கெடாத அழகு.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கழிப்பறையை யாராவது தத்தெடுத்துவிடலாம். மேலே சூரியத் தகடு, கதவில் கம்பெனி லோகோ, பயனாளி என்று அந்த மருமகளின் படம். உடனே எல்லா அனுமதியும் வந்துவிடும். திறப்பு விழாவுக்கு ஐயாவும் வருவார். அதற்கு முன்னால் பாதுகாப்பு கருதி அந்த வீட்டுக்காரர்களை மட்டும் இரண்டு நாள் அப்புறப்படுத்த வேண்டியிருக்கும்.